வரம் கடனாகுமா?

2022 காமன்வெல்த் போட்டிகள் பர்மிங்ஹாமில் நடந்தன. உள்ளரங்க சைக்கிள் பந்தயங்களை மட்டும் லண்டனுக்கு, ஸ்ட்ராட்ஃபோர்டிலுள்ள லீ வேலி வெலோடிரோமுக்கு மாற்றியிருந்தார்கள். ஆண்கள் ‘டீம் ஸ்பிரிண்ட்’ பந்தயத்தில் இந்தியாவுக்காக மூன்று பேர் களமிறங்கினார்கள்: ரோஜித் சிங், ரொனால்டோ சிங், டேவிட் பெக்காம். பட்டியலில் இரண்டு கால்பந்து நட்சத்திரங்களின் பெயரைப் பார்த்த வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு ஒரே குஷி. ரொனால்டோ மணிப்பூர்க்காரர். டேவிட் பெக்காம் எல்காடோசூங்கோ கார் நிக்கோபார் தீவின் பிள்ளை. அசல் பெக்காம் 1975இல் பிறந்த லேட்டன்ஸ்டோன் அந்த அரங்கிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. பதக்கச் சுற்றுக்கு அணி போகவில்லை. பெயர் மட்டும் உலகம் சுற்றியது.

நிக்கோபார் பெக்காம் பிறந்தது 2003இல். அதே ஆண்டில்தான் இங்கிலாந்து பெக்காம் மான்செஸ்டர் யுனைடெட்டை விட்டு ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். கறாரான ரசிகர்கள் பெக்காமை, நடுக்களத்தில் நின்று ஆட்டத்தை நடத்தும் பிளேமேக்கர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வலது ஓரத்திலிருந்து நீளமாகப் பந்து போடுபவர் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். தேங்காய்த் தோப்புகளுக்கு நடுவே பந்து உதைக்கும் ஒரு தீவில் அந்த வழக்கெல்லாம் எடுபடாது. நாற்பது கெஜத்துக்கு அப்பால் ஓடுகிறவனின் காலடியில் பந்தை வைக்கத் தெரிந்தவர் பெக்காம், அவ்வளவுதான். அந்தப் பெயரைச் சுமந்த பையன் கால்பந்து ஆடினான். பள்ளி அணிகளுக்கான சுப்ரதோ கோப்பையிலும் ஆடினான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தாயை இழந்தவன், பிறகு தந்தையையும் இழந்து தாத்தாவிடம் வளர்ந்தவன் என்று அவரைப் பற்றி எழுதிய செய்தித்தாள்கள் சொல்கின்றன. வளர்ந்த பிறகு கால்பந்து போய் சைக்கிள் வந்தது.

இங்கேதான் ஒரு பழைய கேள்வி தலைதூக்குகிறது. ஒருவருக்கு ஒரு திறமை வாய்த்திருந்தால், அதை அவர் பயன்படுத்தியே தீரவேண்டுமா? விட்டுவிட்டால் யாருக்குப் பதில் சொல்லவேண்டும்? கொடுத்தவன் என்று ஒருவன் இருந்தால் அவனுக்கா, ஊருக்கா, தனக்கா? பாட்டு, கவிதை, கணிதம் என்று எந்தத் துறையை வைத்தும் இதைக் கேட்கலாம். கால்பந்தின் நடுக்களத்தை வைத்துக் கேட்பதில் ஒரு வசதி உண்டு. அங்கே திறமை என்பதே அடுத்தவனை நம்பி இருக்கும் ஒன்று.

நல்ல பிளேமேக்கர் என்ன செய்கிறார் என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கவேண்டும். பந்து அவரிடம் வந்துசேரும் முன்னரே தலை இரண்டு மூன்று முறை திரும்பிவிடும்: வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை, இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை. பந்து வரும்போது உடம்பு பாதி திரும்பியே நிற்கும். முதல் தொடுதல் பந்தை நிறுத்துவதற்காக அல்ல. எதிராளி கால் நீட்ட முடியாத பக்கத்துக்கு அதைத் தள்ளிவைப்பதற்காக. இரண்டாம் தொடுதலில் பந்து போய்விடும், ஆள் இன்னும் வந்துசேராத ஓர் இடத்துக்கு. நார்வே ஆய்வாளர் கெயிர் யோர்டெட் இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களின் தலையசைவை ஒளிப்பதிவுகளில் ஆராய்ந்தார். பந்து வரும் முன் அதிகம் சுற்றிப் பார்ப்பவர்களின் பாஸ்கள் அதிகம் சரியாகச் சேருகின்றன என்று கண்டார். ஆக, நாம் தெய்வீகம் என்று சொல்லிக் கைகூப்புவதில் பாதி கழுத்துப் பயிற்சி. மீதிப் பாதியைத்தான் மதங்கள் பங்கு போட்டுக்கொள்ள வருகின்றன.

கார் நிக்கோபார் கிறிஸ்தவத் தீவு. 127 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் 17,841 பேர். கிராமத்துக்குக் கிராமம் தேவாலயம். அங்கே ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கேட்டு வளர்ந்த எவருக்கும் மத்தேயு சுவிசேஷத்தின் தாலந்து உவமை தெரியும். எஜமான் பயணம் போகும்போது ஒருவனுக்கு ஐந்து, ஒருவனுக்கு இரண்டு, ஒருவனுக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டுப் போகிறான். முதல் இருவரும் வியாபாரம் பண்ணி இரட்டிப்பாக்குகிறார்கள். மூன்றாமவன் பயந்துபோய் மண்ணில் புதைத்துவைக்கிறான். திரும்பி வந்த எஜமான் அவனிடமிருந்த ஒன்றையும் பிடுங்கிப் பத்து வைத்திருப்பவனிடம் கொடுத்து, இவனை வெளியே இருட்டில் தள்ளுகிறான்.

திறமையைப் பற்றி உலகத்தில் சொல்லப்பட்ட கதைகளில் இவ்வளவு கடுமையானது வேறு இருக்குமா என்பது சந்தேகம். பயிற்சியாளர்களுக்குப் பிடித்த கதையும் இதுவே. ‘கடவுள் கொடுத்ததை வீணாக்காதே’ என்று ஒரு சிறுவனை அதட்டும் ஒவ்வொருவரும் அந்த எஜமானின் குரலில்தான் பேசுகிறார்கள். கதையில் ஒரு சின்ன விவரம் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது. அந்த ஊரில் பணத்தைப் போட்டு வட்டி வாங்க ஆள் இருந்தார்கள். எஜமானே அதைச் சொல்லித்தான் வேலைக்காரனைக் கண்டிக்கிறான். சந்தையும் வட்டிக்காரனும் இல்லாத ஊரில் ஒற்றைத் தாலந்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்திருப்பான்?

கீதை வேறு பக்கமிருந்து வருகிறது. பிறருடைய தருமத்தைச் சிறப்பாகச் செய்வதைவிடத் தன் தருமத்தைக் குறையோடு செய்வதே மேல் என்று மூன்றாம் அத்தியாயம் சொல்கிறது. கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் பெக்காம் என்று பெயர், கால்பந்தில் ஆசை, குறுந்தூர வேகத்துக்கு வாய்த்த கால் என்றிருக்கும் ஒரு பிள்ளைக்குத் தன் தருமம் எது? வள்ளுவரோ ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார், ஆள்வினைக்கு இன்னோர் அதிகாரம் ஒதுக்கினார். இரண்டுக்கும் நடுவிலுள்ள வழக்கை நம் பட்டிமன்றங்கள் இன்றுவரை முடித்தபாடில்லை.

இந்த மூன்றிலும் இல்லாத ஒரு பதில் நிக்கோபாரிலேயே இருந்தது. அதை எழுதிவைத்தவர் ஒரு தமிழர்.

வேதப்பன் சாலமோன் என்ற தமிழ்க் கிறிஸ்தவர் 1890களில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்துக்கு வேதம் போதிப்பவராகவும் அரசு ஏஜென்டாகவும் போனார். பள்ளிக்கூடம் நடத்தினார், கப்பல்களைக் கணக்கெடுத்தார், மழையளவு குறித்தார், நாட்குறிப்பும் எழுதினார். அந்தக் குறிப்புகளின் பகுதிகள் 1902இல் லண்டன் மானிடவியல் கழகத்தின் இதழில் வெளியாயின. அவற்றில் ‘மஃபாய்’ என்பவரைப் பற்றிய செய்தி வருகிறது. தீவின் பூசாரி வைத்தியருக்கு ‘தமிலுவானா’ என்று பெயர். யார் அந்த வேலைக்கு வரவேண்டும் என்பதைக் குலமும் வாரிசும் தீர்மானிப்பதில்லை. யாருக்காவது உடம்பு நலிந்துகொண்டே போனால், இறந்தவர்களின் நிழல் அடிக்கடி கனவில் வந்தால், ஆவிகள் அவரைத் தெரிந்தெடுத்துவிட்டன என்று ஊர் முடிவுகட்டும். அவர் மஃபாய் ஆகிறார். அவரை அலங்கரித்து, நாற்காலியில் உட்காரவைத்து, ஊர் ஊராகத் தூக்கிப் போவார்கள். விருந்துக்குப் பன்றியும் கோழியும் அறுபடும். இரவில் ஆட்டம் நடக்கும். சிலர் தேறித் தமிலுவானா ஆவார்கள். சிலர் உடம்பு தேறியதும், போதும் என்று சில சடங்குகளைச் செய்து முடித்துவிட்டுப் பழையபடி தோப்பு வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். இருட்டில் தள்ள எஜமான் எவனும் வருவதில்லை.

சாலமோன் மதம் பரப்பப் போனவர். இந்தச் சடங்கு அவருக்கு உவப்பாக இருந்திருக்காது. இருந்தும் எழுதிவைத்தார், அதற்கு நாம் நன்றி சொல்லவேண்டும். தென்மாவட்டத் தமிழர்களுக்கு இந்தக் காட்சி அவ்வளவு அந்நியமும் இல்லை. சாமி இறங்கியவருக்கு ஊர் சல்லடம் கட்டிவிடுகிறது, விரதத்துக்கும் விழாவுக்கும் வரி போட்டுச் செலவு செய்கிறது, ஆடி முடித்து விழுகிறவரைத் தாங்கிப் பிடிக்க நான்கு பேரை நிறுத்துகிறது. வயதாகி உடம்பு ஒத்துழைக்காதபோது அவர் விலகிக்கொள்வதை யாரும் பாவம் என்று சொல்வதில்லை.

மஃபாயின் நாற்காலியில் ஒரு கணக்கு இருக்கிறது. வரம் ஒருவர்மேல் வந்தது. சுமை பலர் தோளில் ஏறியது. தூக்கிச் சுமந்தவர்களுக்கு அவரிடம் கேட்க உரிமை உண்டு. நோய்க்கு மருந்து கேட்கலாம், ஆவியை விரட்டச் சொல்லலாம். சுமக்காதவர்களுக்கு அந்த உரிமை கிடையாது. திறமை கடவுளுக்குப் பட்ட கடனா என்ற கேள்வியைவிட, சுமந்தவர்களுக்குப் பட்ட கடனா என்ற கேள்வியே எனக்கு நியாயமாகப் படுகிறது. நடுக்கள வீரர்கள் சிலருடைய வாழ்க்கையில் இதை வைத்துப் பார்க்கலாம்.

முதலில் மஜீத் பிஷ்கார். ஈரானின் தென்மேற்கு மூலையிலுள்ள கோரம்ஷார் நகரத்துக்காரர். 1978 உலகக் கோப்பைக்குப் போன ஈரான் அணியில் இடம்பெற்றிருந்தார். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படிக்க இந்தியா வந்தார். 1980இல் ஜம்ஷித் நசிரி, மஹ்மூத் கபாஜி ஆகிய இரண்டு ஈரானியருடன் கொல்கத்தா ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் சேர்ந்தார். அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் கிளப்பின் முக்கிய ஆட்டக்காரர்கள் கூட்டமாக வெளியேறியிருந்தார்கள். பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி கையில் எஞ்சியவர்களை வைத்து அணி கட்டவேண்டியிருந்தது. அப்படி ஒட்டுப்போட்ட அணி அந்த ஆண்டு ஃபெடரேஷன் கோப்பையை மோகன் பகானோடும் ரோவர்ஸ் கோப்பையை முகமதன் ஸ்போர்ட்டிங்கோடும் பகிர்ந்துகொண்டது. நடுவில் நின்று ஆட்டத்தை நடத்தியவர் மஜீத். கொல்கத்தா மைதானத்தில் அதுவரை இப்படி ஒரு வெளிநாட்டுக்காரரைப் பார்த்ததில்லை என்று சத்தியம் செய்கிறவர்கள் இன்றும் உண்டு. ‘பாதுஷா’ என்று பட்டம் கட்டினார்கள்.

ஈஸ்ட் பெங்கால் 1920இல் தொடங்கியது. தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வீடுவாசல் விட்டு வந்தவர்களுக்கு அந்த கிளப்தான் ஊர் என்று ஆனது. அதே கிழக்கிலிருந்து வந்த அகதிக் குடும்பங்களை 1949 முதல் அந்தமானிலும் குடியமர்த்தினார்கள். 2011 கணக்குப்படி தீவுகளில் அதிகம் பேர் பேசுவது வங்காளம்தான், 28 விழுக்காட்டுக்கு மேல். தமிழ் 15 விழுக்காடு. இப்படி ஊர் இழந்தவர்களின் கிளப்புக்கு ஆட வந்தவர் அதே 1980இல் தன் ஊரையும் இழந்தார். செப்டம்பரில் ஈரான்-ஈராக் போர் வெடித்தது. சில வாரங்களில் கோரம்ஷார் ஈராக் படைகள் கையில் விழுந்தது. 1982 மே மாதம் ஈரான் மீட்டபோது அங்கே நகரம் என்று சொல்ல அதிகம் மிச்சமில்லை.

மஜீத் ஈஸ்ட் பெங்காலிலிருந்து முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கு மாறினார். சில வருடங்களில் போதைப்பழக்கம் அவரை விழுங்கியது. ஆட்டம் தேய்ந்தது, கிளப் போனது, அந்தப் பாதுஷாவைக் கொல்கத்தாத் தெருக்களில் அடையாளம் தெரியாத கோலத்தில் பார்த்ததாகச் சொன்னார்கள். கடைசியில் ஈரானுக்குத் திரும்பிப் போனார். அதன்பிறகு நெடுங்காலம் அவரைப் பற்றிப் பேச்சே இல்லை. 2019 ஆகஸ்டில் ஈஸ்ட் பெங்கால் நூற்றாண்டு விழாவுக்கு அவரைத் தேடிப்பிடித்து அழைத்தார்கள். கொல்கத்தா விமான நிலையத்தில் அவரைப் பார்க்கப் பெருங்கூட்டம் திரண்டது. அந்தக் கூட்டத்தில் பலர் அவர் ஆடியதை நேரில் பார்க்க முடியாத வயதினர்.

தாலந்துக் கதையின் எஜமான் மஜீத்தை இருட்டில் தள்ளியிருப்பான். அவரைப் பற்றி எழுதியவர்களில் பலர் அதைத்தான் செய்தார்கள்: கடவுள் அள்ளிக் கொடுத்ததை இவர் கரியாக்கிவிட்டார் என்றார்கள். அப்படிச் சொல்லக் கொல்கத்தாவுக்கு எவ்வளவு உரிமை இருந்தது? மாலை போட்டார்கள், தோளில் தூக்கி ஆடினார்கள், பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஆனால் ஊர் எரிந்துபோன இருபது சொச்சம் வயதுப் பையனை ஆட்டம் முடிந்த பிறகு யார் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள்? இரவில் அவர் எங்கே போகிறார், யாரோடு இருக்கிறார் என்று பார்க்க எந்த கிளப்பிலும் அன்று ஏற்பாடு கிடையாது. தொண்ணூறு நிமிடம் தூக்குவது வேறு, சுமப்பது வேறு. அவர் தவறே செய்யவில்லை என்று வாதாட இடமில்லை. அவர் வரத்தை வீணடித்தார் என்று கணக்குக் கேட்கும் உரிமை மட்டும் நாம் நினைக்கிற அளவுக்கு யாருக்கும் இல்லை.

இன்னொருவர் விகாஷ் தொராசூ. மொரீஷியஸிலிருந்து பிரான்சுக்குக் குடிபெயர்ந்த குடும்பம். முன்னோர்கள் ஆந்திராவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியவர்கள். லியோனில் இரண்டு முறை லீக் பட்டம், மிலானில் ஒரு பருவம், 2006 உலகக் கோப்பையில் பிரெஞ்சு அணியில் இடம். சின்ன உடம்பு, பந்தை விட்டுக்கொடுக்காத கால். ஜெர்மனியில் நடந்த அந்தக் கோப்பையில் அவருக்குக் கிடைத்தது இரண்டு ஆட்டங்களின் கடைசிச் சில நிமிடங்கள். மற்ற நேரமெல்லாம் விடுதி அறையில் ஒரு சின்னக் கேமராவை வைத்துக்கொண்டு தன் சலிப்பைத் தானே படம்பிடித்தார். இயக்குநர் ஃபிரெட் பூலேவோடு சேர்ந்து அதை ஒரு சினிமாவாக வெளியிட்டார். 2008 தொடக்கத்தில் ஆட்டத்தை விட்டார். பிறகு போக்கர் ஆடினார், அரசியலிலும் இறங்கினார். மஃபாய் நாற்காலியிலிருந்து இறங்கியது போலத்தான். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய மூஸ் கிராமம் இதைப் பெரிதுபடுத்தியிருக்காது. பிரெஞ்சுப் பத்திரிகைகள் பெரிதுபடுத்தின.

நிக்கோபாருக்குத் திரும்பினால், சுமந்ததும் கேட்டதும் திருப்பிக் கொடுத்ததும் ஒரே இடத்தில் கூடிய வாழ்க்கை ஒன்று இருக்கிறது. ஹா-சேவ்-கா என்ற நிக்கோபார் சிறுவனை சாலமோன் தன் பள்ளியில் சேர்த்துப் படிக்கவைத்து, மேற்படிப்புக்கு பர்மாவின் மாண்டலேக்கு அனுப்பினார். ஜான் ரிச்சர்ட்சன் என்ற பெயரோடு திரும்பி வந்த அவர் ஆசிரியரானார், குருவானார், புதிய ஏற்பாட்டை நிக்கோபார் மொழியில் பெயர்த்தார். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் சிறைப்பட்டுச் சாவின் விளிம்புக்குப் போய்த் தப்பினார். 1950இல் பிஷப் ஆனார். முதல் மக்களவையில் அந்தமான் நிக்கோபாரின் நியமன உறுப்பினராக உட்கார்ந்தார். 1965இல் பத்மஸ்ரீ, 1975இல் பத்மபூஷண் பெற்றார். 1978இல் மறைந்தார். தீவில் கால்பந்து வேர்பிடித்ததற்கும் அவர் பெயரைச் சொல்கிறவர்கள் உண்டு. அவரைச் சுமந்த தோள் எது என்று அவருக்குத் தெரியும். எங்கே திரும்பிவரவேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. யாரும் அவரைத் தாலந்துக் கதை சொல்லி மிரட்டவேண்டி வரவில்லை.

நிக்கோபார் சமூகமே இந்தக் கணக்கில் ஊறியது. ‘துஹெத்’ என்னும் கூட்டுக்குடும்பம்தான் நிலத்துக்கும் தோப்புக்கும் சொந்தக்காரர். தனி ஆள் அனுபவிக்கிறவர், அவ்வளவே. விருந்துக்குப் பன்றி தருவதும், படகு கட்ட ஆள் தருவதும், வீடு விழுந்தால் எடுத்துக்கட்டுவதும் துஹெத்தின் பொறுப்பு. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பணம் தனித்தனிக் குடும்பத் தலைவர்களின் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. துஹெத் என்பது எந்தப் படிவத்திலும் இல்லாத பெயர். நல்லெண்ணத்தோடு வந்த கொடை, கொடுத்து வாங்கும் பழைய ஏற்பாட்டையே ஆட்டிவிட்டது என்று அங்கே நெடுங்காலம் ஆய்வு செய்த சிம்ரன் ஜித் சிங் போன்றோர் எழுதியிருக்கிறார்கள்.

சுனாமியைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். கார் நிக்கோபாரின் டெபோரா ஹெரால்டுக்கு அப்போது ஒன்பது வயது. மரத்தைப் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் தாக்குப்பிடித்துத் தப்பியவர் என்று அவர் கதையைப் பத்திரிகைகள் எழுதின. பின்னாளில் 500 மீட்டர் சைக்கிள் பந்தயத்தில் உலகத் தரவரிசையின் நான்காம் இடம் வரை ஏறினார். அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் ஒரு ராகம் திரும்பத் திரும்ப வருகிறது: சாதிக்கப் பிறந்தவர், அதனால்தான் கடல் அவரை விட்டுவைத்தது. ஊக்கம் தரும் பேச்சுதான், சந்தேகமில்லை. ஆனால் அதன் மறுபக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் உடம்பு கூசுகிறது. அரசுக் கணக்கின்படி இந்தத் தீவுகளில் இறந்தும் காணாமலும் போனவர்கள் 3,513 பேர். அவர்கள் எதையும் சாதிக்கப் பிறக்காதவர்களா? கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டிருந்த, இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களும் அந்த அலையில் சிக்கின. திறமைக்கு ஒரு தெய்வ நோக்கம் கற்பித்தால், அது வாய்க்காமல் செத்தவர்களின் சாவுக்கும் நோக்கம் கற்பிக்கவேண்டி வரும். எந்த மதத்துக்காரரானாலும் அந்தப் பேச்சை விட்டுவிடுவது நல்லது.

இப்போது சைக்கிளுக்கு வரலாம். கார் நிக்கோபாரின் எசோவ் ஆல்பென் 2018இல் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் கெய்ரின் என்ற குறுந்தூரப் பந்தயத்தில் வெள்ளி வென்றார். சைக்கிள் உலகப் போட்டி எதிலும் இந்தியா அதற்கு முன் பதக்கம் பார்த்ததில்லை. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் ஓடரில் எசோவும் மணிப்பூர்த் தோழர்களும் சேர்ந்து டீம் ஸ்பிரிண்டில் தங்கமே வென்றார்கள். பதினேழாயிரம் சொச்சம் பேர் வாழும் ஒரு தீவிலிருந்து டெபோரா, எசோவ், பெக்காம் என்று வரிசை போகிறது. ஆனால் பந்து உருளாத மாலை இல்லாத அதே தீவிலிருந்து நாடறிந்த ஒரு நடுக்கள வீரர் வரவில்லை.

காரணம் வரத்தில் இல்லை, வரத்தின் வகையில் இருக்கிறது. குறுந்தூர வேகத்தை அளக்க ஸ்டாப்வாட்ச் போதும். கால் பலத்தை அளக்கக் கருவி உண்டு. டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி வந்து, இரண்டு நாள் தங்கி, பத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு விமானம் ஏறலாம். நடுக்களத்துப் பார்வையை எந்தக் கருவியால் அளப்பது? அது தனி ஆளிடம் இருக்கும் பொருளே இல்லை. ஓடுகிற முன்வரிசைக்காரன், பின்னால் காவல் நிற்கிறவன், துரத்தி வருகிற எதிராளி என்று இருபத்தொரு பேர் சுற்றி இருந்தால்தான் அது வெளியே தெரியும். தெரிந்த பிறகும் அது முதிர வாரத்துக்கு இரண்டு நல்ல ஆட்டம், ஆண்டுக்கு எட்டு மாதம், பத்து வருடம் வேண்டும். மோசமான அணியில் நல்ல பிளேமேக்கர் மோசமான ஆட்டக்காரராகவே தெரிவார். அவர் போடும் பந்துக்கு யாரும் ஓடியிருக்க மாட்டார்கள், பழி அவர்மேல் விழும். தனியாளுக்குக் கிடைத்த வரம் என்று நாம் நினைப்பது உண்மையில் ஒரு கூட்டத்துக்குக் கிடைத்தது. கூட்டம் இல்லையென்றால் வரமும் இல்லை.

எனவே பெக்காம் கால்பந்தை விட்டுவிட்டாரே என்று அங்கலாய்ப்பதில் அர்த்தமில்லை. அவருக்கு நாற்காலி போட்டுத் தூக்கியது சைக்கிள். தங்க இடம், சோறு, பயிற்சி, வெளிநாட்டுப் பயணம் என்று இந்திய விளையாட்டு ஆணையம் சுமந்தது. சுமந்தவர்கள் பதக்கம் கேட்டார்கள், அவரும் பெடலை மிதித்தார். அதில் நியாயம் இருக்கிறது. கால்பந்து அவரைச் சுமக்கவில்லை. அதனால் கால்பந்துக்கு அவரிடம் கேட்க ஒன்றுமில்லை.

சுமக்க என்ன ஆகும் என்பது கணக்குப் போட முடியாத விஷயமும் இல்லை. கார் நிக்கோபாரிலிருந்து தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்துக்கு, முன்பு போர்ட் பிளேர், கடல்வழி சுமார் 270 கிலோமீட்டர். கடல் கொந்தளித்தால் கப்பல் தள்ளிப்போகும். அங்கிருந்து சென்னைக்குக் கப்பலில் மூன்று நாள். பிறகு சுப்ரதோ கோப்பை நடக்கும் டெல்லிக்கு இரண்டு ராத்திரி ரயில். விமானத்தில் போகலாம்தான், அணியின் பதினாறு பையன்களுக்கும் டிக்கெட் எடுக்க யாராவது முன்வந்தால். தலைநகரில் நேதாஜி ஸ்டேடியம் இருக்கிறது. 1943 டிசம்பர் 30 அன்று சுபாஷ் சந்திர போஸ் கொடியேற்றிய பழைய ஜிம்கானா மைதானம் அதுதான். அங்கே உள்ளூர்ப் போட்டிகள் நடக்கின்றன, கூட்டமும் வருகிறது. ஆனால் தேசியக் கால்பந்து லீக்குகளான ஐ.எஸ்.எல்., ஐ-லீக் இரண்டிலும் தீவுகளுக்கென்று ஒரு கிளப் இருந்ததில்லை. பதினைந்து வயதில் நன்றாக ஆடுகிற பையனுக்கு அடுத்த படி கடலுக்கு அந்தப் பக்கம்தான்.

சுப்ரதோ கோப்பை 1960இல் தொடங்கியது. இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தளபதி சுப்ரதோ முகர்ஜியின் பெயரில் நடக்கும் பள்ளிப் போட்டி. பெக்காம் ஆடியதும் இதில்தான். டெல்லியில் வாழும் தமிழர்களே, அடுத்த முறை அந்தமான் பள்ளி அணி ஆடவரும் நாளை விசாரித்துவைத்துக்கொண்டு ஒரு மாலை போய் உட்காருங்கள். கோல் அடிக்கிறவனை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் நடுவில் நிற்கிற பையனைப் பாருங்கள். பந்து வரும் முன் அவன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். பார்த்தால், ஆட்டம் முடிந்ததும் அந்தப் பள்ளி ஆசிரியரிடம் போய், அடுத்த வருடம் வர என்ன செலவாகும் என்று கேளுங்கள்.